தொட்டிலின் செலவை யார் ஏற்பது?

(மட்டாஞ்சேரியில் உழைக்கும் பெண்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

மட்டாஞ்சேரிக் கடைவீதியில் கால்வைப்பவரை முதலில் எதிர்கொள்வது சுக்கின் மணம். இஞ்சியும் மிளகும் ஏலமும் மூட்டைகளாக அடுக்கப்பட்ட பண்டகசாலைகள். அவற்றின் முற்றங்களில் குந்தியிருந்து புடைத்தும் பொறுக்கியும் தரம்பிரித்த பெண்களின் தலைமுறைகள். கொச்சியின் செல்வம் கப்பலில் ஏறுமுன் அவர்களுடைய விரல்களைக் கடந்தே சென்றது. அவர்களுள் எத்தனை பேர் நிறைமாதம் வரை முறத்தைக் கீழே வைக்காமல் உழைத்தனர், பிள்ளை பெற்ற எத்தனையாவது நாளில் மீண்டும் வந்து அமர்ந்தனர் என்பதை எந்தப் பேரேடும் குறித்து வைக்கவில்லை.

இதே மண்ணுக்கு மற்றொரு நினைவும் உண்டு. துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கும். வேண்டிய ஆட்களைவிடப் பலமடங்குத் தொழிலாளர்கள் விடியுமுன்னே கூடி நிற்பர். ஒப்பந்தக்காரரின் ஆள் உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசுவான். அந்த வில்லைக்குச் சாப்பா என்று பெயர். எவர் கையில் சாப்பா சிக்கியதோ அவருக்கு அன்று வேலை. சிக்காதவர் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. மனிதரை மனிதர் மேல் விழவைத்த அந்த முறைக்கு எதிராகத் தொழிலாளர்கள் எழுந்தனர். 1953 செப்டம்பரில் மட்டாஞ்சேரியில் அவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. அப்போராட்டத்தில் மூன்று தொழிலாளர்கள் உயிர்நீத்தனர்.

அவர்கள் உயிர் கொடுத்து வென்றது எதனை? வேலையும் கூலியும் ஒரு தனி மனிதனின் கைவீச்சைச் சார்ந்திருக்கக் கூடாது என்னும் கொள்கையை. 1948ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், 1959இல் கொச்சிக்கும் தனித் திட்டம் வந்தது. தொழிலாளர்களின் பெயர்கள் பதிவாயின. வேலை முறைவைத்துப் பகிரப்பட்டது. கப்பல் சரக்கேற்றும் முதலாளிகள் ஒவ்வொருவரும் தீர்வை செலுத்தினர். வேலை இல்லாத நாளில் வந்து நின்ற தொழிலாளிக்கு அந்தப் பொதுநிதியிலிருந்து வருகைப்படி வழங்கப்பட்டது. ஒருவர் தலையில் விழவேண்டிய சுமையை அனைவரும் பகிர்ந்து தாங்கும் ஏற்பாடு அது.

மகப்பேற்று விடுப்பைப் பற்றிப் பேசும்போது சாப்பாவை நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. இன்று எவரும் உலோக வில்லையை வீசுவதில்லை. ஆயினும் வேலை கேட்டு வரும் இளம்பெண்ணிடம், “திருமணம் எப்போது? குழந்தை உண்டா? இன்னொன்று வேண்டுமென்ற எண்ணம் உண்டா?” என்று கேட்கப்படுகிறது. அதே வேலைக்கு வரும் இளைஞனிடம் இக்கேள்விகள் எழுவதில்லை. பெண்ணின் கருப்பையைக் கணக்கில் வைத்து வேலையைக் கொடுப்பதும் மறுப்பதும் இக்காலத்துச் சாப்பா. அதனை ஒழிக்க விடுப்பின் வாரங்களை நீட்டினால் மட்டும் போதுமா என்பதே இன்றைய கேள்வி.

உரிமை வந்த வழி

மகப்பேற்று விடுப்பு எவருடைய கருணையாலும் வந்ததன்று. 1919இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடே மகப்பேற்றுப் பாதுகாப்புக்கென ஓர் உடன்படிக்கையை ஏற்றது. இந்தியாவில் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி 1924இல் மத்திய சட்டமன்றத்தில் மகப்பேற்று உதவி மசோதாவைக் கொண்டுவந்தார், அது தோற்கடிக்கப்பட்டது. பம்பாய் மாகாணத்தில் 1929இலும், சென்னை மாகாணத்தில் 1934இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் உழைத்த பெண்களின் வாழ்க்கையே அச்சட்டங்களுக்கு அடிப்படை.

பம்பாய்ச் சட்டமன்றத்தில் 1928 ஜூலையில் இம்மசோதா விவாதிக்கப்பட்டபோது டாக்டர் அம்பேத்கர் அதனை ஆதரித்துப் பேசினார். மகப்பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கு உரியது என்றார். மக்களின் நலம் காப்பது அரசின் கடமையாதலால் செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்கவேண்டும் என்பதை ஒப்புக்கொண்டார். அதே வேளையில், பெண்ணின் உழைப்பால் ஆதாயம் அடையும் முதலாளி தன் பொறுப்பிலிருந்து முற்றிலும் விலகிவிட முடியாது என்றும் வாதிட்டார். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் அவர் எடுத்துவைத்த முதற்பகுதியை நாடு இன்னும் நிறைவேற்றவில்லை.

விடுதலை பெற்ற இந்தியாவின் அரசமைப்புச் சட்டம், தன் 42ஆம் பிரிவில் மகப்பேற்று உதவியை அரசின் கடமையாக எழுதிவைத்தது. 1961இல் மகப்பேற்று நலச் சட்டம் வந்தது. அது 12 வார ஊதிய விடுப்பை உறுதிசெய்தது. ஆனால் தாளில் எழுதப்பட்ட ஒவ்வொரு வாரத்தையும் தொழிலாளி போராடியே பெறவேண்டியிருந்தது.

கொச்சியின் வில்லிங்டன் தீவில் ஏலம் போகும் தேயிலை விளையும் மலைகளை எண்ணிப் பாருங்கள். கோயம்புத்தூர் மாவட்டத்து மலைத்தோட்டம் ஒன்றில் உழைத்த பெண் ஒருவர் 1967இல் மகப்பேற்று விடுப்பு எடுத்தார். 12 வாரங்களுக்குரிய பணத்தைக் கணக்கிட்ட நிர்வாகம், ஞாயிற்றுக்கிழமைகள் வேலைநாட்கள் அல்ல என்று கூறி, 84 நாட்களுக்குப் பதில் 72 நாட்களுக்கே கொடுத்தது. 12 நாள் கூலி! அதற்காகத் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வாரம் என்றால் ஞாயிறும் சேர்ந்த ஏழு நாட்களே என்று 1977இல் அங்கே தீர்ப்பாயிற்று. அவர் வயிற்றில் இருந்த குழந்தை பள்ளியில் பல வகுப்புகள் ஏறியிருக்கும் காலம் அது.

2017ஆம் ஆண்டின் திருத்தம் விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாளுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்கலாம் என்றும் விதித்தது. இது பெரிய முன்னேற்றம், ஐயமில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த 26 வாரங்கள் இடம்பெற்றுள்ளன. ஆனால் இந்த உரிமை யாருக்கு எட்டுகிறது, யாருக்கு எட்டவில்லை?

எட்டியவர்களும் எட்டாதவர்களும்

சட்டத்தின் பயனைப் பெறப் பெண் ஒருவர் பிரசவத்திற்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாட்களாவது அந்த நிறுவனத்தில் வேலைசெய்திருக்க வேண்டும். கடைகளும் நிறுவனங்களும் என்றால் பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரிய வேண்டும். எட்டுப் பேர் வேலைசெய்யும் துணிக்கடைப் பெண்ணும், நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண்ணும் இதற்கு வெளியே நிற்கின்றனர். கொச்சிக் கடற்கரையோர இறால் உரிக்கும் கொட்டகைகளில் எடைக்கணக்கில் கூலி வாங்கும் பெண்ணோ, 80 நாட்களுக்கு மேலேயே உழைத்திருப்பார். பெயர் பதிவேட்டில் இல்லையென்றால் அதை எப்படி மெய்ப்பிப்பது?

இவர்களுக்கு அரசு தருவது என்ன? 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், முறையான மகப்பேற்று உதவி கிடைக்காத ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் வழங்கவேண்டும் என்கிறது. ஒன்றிய அரசின் பிரதமர் மாத்ரு வந்தனா திட்டமோ முதற்குழந்தைக்கு 5,000 ரூபாய் தருகிறது. இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் மட்டுமே அதற்கும் உண்டு. 26 வாரம் என்பது 182 நாட்கள். 5,000 ரூபாயை 182ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 28 ரூபாய்கூடத் தேறாது. அலுவலகத்தில் பணிபுரியும் பெண்ணுக்கு 182 நாளும் முழு ஊதியம். இறால் உரிக்கும் பெண்ணுக்கு நாளுக்கு 28 ரூபாய். பிரசவ வலி இருவருக்கும் ஒன்றே.

அரசுப் பணியிலும் கதவு எளிதாகத் திறப்பதில்லை. தமிழ்நாட்டில் அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு உண்டு. இந்தியாவிலேயே முன்னணியில் நிற்கும் ஏற்பாடு இது. ஆயினும் தர்மபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு விடுப்பு மறுக்கப்பட்டது. முதல் திருமணத்தில் பிறந்த இரு பிள்ளைகள் தந்தையின் பொறுப்பில் வளர்கின்றனர். மறுமணத்தில் பிறந்த குழந்தையை மூன்றாவது குழந்தை என்று விதி கணக்கிட்டது. 2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றம் அம்மறுப்பை நீக்கியது. மகப்பேற்று விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடும் வாழ்வுரிமையோடும் இணைந்தது என்று தெளிவுபடுத்தியது. அதற்கு முன், 2000ஆம் ஆண்டில், தில்லி மாநகராட்சியில் சாலைப் பணி செய்த தினக்கூலிப் பெண்களுக்கும் இவ்வுரிமை உண்டு என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

மட்டாஞ்சேரியிலிருந்து காயலைக் கடந்தால் எர்ணாகுளம். அங்கேதான் கேரள உயர் நீதிமன்றம். மனவளர்ச்சிச் சிறப்புத் தேவையுடைய தன் குழந்தையைப் பேணுவதற்காகப் பணிக்கு வராதிருந்த ஆயுள் காப்பீட்டுக் கழகப் பெண் ஊழியர் ஒருவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2017இல் அந்த நீதிமன்றம் பணிநீக்கத்தை ரத்துசெய்தது. தாய்மை பெண்ணின் கண்ணியத்தின் பகுதி என்றும், அதன் பொருட்டு அவரை வேலையிலிருந்து வெளியேற்ற முடியாது என்றும் கூறியது. தனியார் சுயநிதிப் பள்ளி, கல்லூரி ஆசிரியைகளுக்கு மகப்பேற்று நலச் சட்டத்தை விரிவுபடுத்திய முதல் மாநிலம் என்ற பெருமையும் 2020இல் கேரளத்திற்குக் கிட்டியது. இவையெல்லாம் வெற்றிகள். ஆனால் ஒவ்வொரு தாயும் நீதிமன்றப் படியேறித்தான் விடுப்புப் பெறவேண்டும் என்றால், அது உரிமையாகுமா?

செலவு யார் தலையில்?

இனி, பலரும் தொடத் தயங்கும் இடத்திற்கு வரவேண்டும். 2017ஆம் ஆண்டின் திருத்தம் 26 வார ஊதியத்தையும் தனி முதலாளியின் கணக்கிலேயே எழுதியது. அரசு ஒரு காசும் ஏற்கவில்லை. பத்துப் பேரை வைத்துத் தொழில் நடத்துபவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஊழியர் ஒருவர் பிரசவத்திற்குச் சென்றால் அவருக்கு 26 வார ஊதியம். அவர் இடத்தில் அமர்த்தப்படும் ஆளுக்கு வேறு ஊதியம். அவர் கொடியவராக இருக்கவேண்டியதில்லை. கணக்குத் தெரிந்தவராக இருந்தாலே போதும். அடுத்த முறை வேலைக்கு ஆள் எடுக்கும்போது பெண்ணின் விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிடுவார். பெண்ணைக் காக்க வந்த விதியே பெண்ணை வாசலில் நிறுத்துகிறது. இதற்குத் தீர்வு வாரங்களைக் குறைப்பதன்று; செலவை இடம் மாற்றுவது.

அது இயலாத காரியம் என்று எவரும் சொல்லவேண்டாம். இந்த நாட்டிலேயே அதற்கு வழி இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்களில், மகப்பேற்றுக் கால ஊதியத்தை முதலாளி தருவதில்லை. காப்பீட்டுக் கழகம் தருகிறது. முதலாளி ஊதியத்தில் 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் செலுத்துகின்றனர். 10,000 ரூபாய் ஊதியம் என்றால் முதலாளியின் பங்கு 325 ரூபாய். அந்த ஊழியர் ஆணா பெண்ணா, மணமானவரா ஆகாதவரா என்று அந்த 325 ரூபாய் கேட்பதில்லை. ஆண்களை மட்டுமே வேலைக்கு வைத்தவரும் அதே விகிதத்தில்தான் செலுத்துகிறார். பெண்ணை ஒதுக்குவதால் அவருக்கு ஆதாயம் இல்லை.

துறைமுகத்துப் பொதுநிதியின் கொள்கையும் இதுவே. ஆனால் இந்தக் காப்பீட்டின் ஊதிய வரம்பு 2017 முதல் மாதம் 21,000 ரூபாய். அதற்கு மேல் 1,000 ரூபாய் கூடுதலாக வாங்கும் பெண்ணின் மகப்பேற்றுச் செலவு மீண்டும் தனி முதலாளியின் தலையில் விழுகிறது. வரம்புக்கு மேலே உள்ளவருக்கும் வேலை வாசல் குறுகுகிறது. பதிவேட்டுக்குக் கீழே உள்ளவருக்கோ வாசலே இல்லை.

ஒன்றிய அரசு இதனை அறியாததன்று. 2018 நவம்பரில், மாதம் 15,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் பெண்களுக்கு 26 வார விடுப்பு வழங்கும் முதலாளிகளுக்கு ஏழு வார ஊதியத்தைத் திருப்பித் தரும் திட்டம் தயாராகிறது என்று தொழிலாளர் அமைச்சகம் அறிவித்தது. 26இல் ஏழு! அதுவும் நடைமுறைக்கு வரவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கையான 183, மகப்பேற்று உதவி சமூகக் காப்பீட்டிலிருந்தோ பொதுநிதியிலிருந்தோ வரவேண்டும், தனி முதலாளி நேரடியாகச் செலவை ஏற்குமாறு விடக்கூடாது என்பதைப் பொதுவிதியாக வைக்கிறது. இந்தியா அதனை இன்னும் ஏற்றுக் கையொப்பமிடவில்லை.

பெருநிறுவனங்களுக்கு வரிச்சலுகை அளிக்கும்போது கருவூலத்தில் பணம் இருக்கிறது. தொட்டிலுக்கு என்று கேட்டால் மட்டும் கருவூலம் காலியாகிவிடுகிறது. நாளைய தொழிலாளியைப் பெற்று வளர்த்துத் தருபவள் பெண். அந்த உழைப்பின் பயனைச் சமூகம் முழுவதும், முதலாளி வர்க்கம் முழுவதும், அனுபவிக்கிறது. பயன் அனைவருக்கும் என்றால் செலவு மட்டும் தாய்க்கும் அவரை வேலைக்கு வைத்தவருக்கும் ஆவது எந்த நியாயம்?

தந்தையின் இடம்

செலவைச் சமூகம் ஏற்றாலும் பாதி வேலை எஞ்சிநிற்கும். ஆறு மாதம் விடுப்பில் செல்பவர் பெண் மட்டுமே என்று இருக்கும்வரை, பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே ஒரு தயக்கம் இருந்துகொண்டே இருக்கும்.

ஒன்றிய அரசின் ஆண் ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. கேரள அரசு ஊழியருக்கு 10 நாள். தனியார் நிறுவனத்தில் பணிபுரியும் தந்தைக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. 2017இல் மக்களவை உறுப்பினர் ராஜீவ் சாதவ் தந்தைமை நலனுக்கென்று தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. புதிய தொகுப்புச் சட்டமும் தந்தையைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிள்ளை பிறந்த மறுநாள் மூட்டை தூக்கப் போகும் தந்தை, பிள்ளையிடம் அன்பில்லாமல் போவதில்லை. ஒரு நாள் கூலி போனால் மருந்துக்குப் பணமில்லை என்பதால் போகிறார். அவருக்கு மறுக்கப்படுவதும் உரிமையே.

1974இல் சுவீடன் தாய்க்கு மட்டுமான விடுப்பை மாற்றிப் பெற்றோர் இருவருக்குமான விடுப்பாக்கியது. இன்று அங்கே ஒரு குழந்தைக்கு 480 நாட்கள். அவற்றுள் 90 நாட்கள் தாய்க்கென்றும் 90 நாட்கள் தந்தைக்கென்றும் ஒதுக்கப்பட்டவை. தந்தை எடுக்காவிட்டால் அவர் பங்கு தாய்க்குப் போகாது, வீணாகும். அதனால் தந்தையும் தொட்டிலருகே வந்தார். அவ்வாறு ஆகும்போது வேலை வாசலில் கேட்கப்படும் கேள்வியும் பொருளிழக்கிறது. விடுப்பில் செல்லக்கூடியவர் ஆணும்தான், பெண்ணும்தான்.

பெறாமல் வளர்ப்பவரையும் மறக்கக்கூடாது. 2017ஆம் ஆண்டின் திருத்தம் தத்தெடுக்கும் தாய்க்கு 12 வாரம் வழங்கியது. ஆனால் குழந்தை மூன்று மாதத்திற்கு உட்பட்டதாக இருக்கவேண்டும் என்று வரம்பிட்டது. குழந்தையை ஒப்படைத்த பெற்றோர் மனம் மாறுவதற்கே சிறார் நீதிச் சட்டம் இரண்டு மாதம் அவகாசம் தருகிறது. அதன்பின் மற்ற நடைமுறைகள். மூன்று மாதத்திற்குள் குழந்தை புதிய வீட்டை அடைவது அரிதென்பதை எவரும் உணரலாம். வளர்ப்பும் உழைப்பே என்பதைச் சட்டம் ஏற்க மறுத்ததன் விளைவு அந்த வரம்பு.

கேட்கவேண்டியவை

ஆகவே, தோழர்களே, கோரிக்கைகள் தெளிவாக இருக்கவேண்டும். மகப்பேற்றுக் கால ஊதியம், அனைத்து முதலாளிகளும் அரசும் பங்களிக்கும் பொதுநிதியிலிருந்து வரட்டும். 21,000 ரூபாய் வரம்பு நீங்கட்டும். பத்துப் பேர் என்ற எல்லைக்கு வெளியே நிற்கும் வீட்டுவேலைத் தொழிலாளரும், கொட்டகைத் தொழிலாளரும், தெருவோர வியாபாரிகளும் அந்நிதியில் சேரட்டும். குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத தொகை 26 வாரமும் அவர்களுக்குக் கிடைக்கட்டும். எண்ணிக்கை பாராது, தொழிற்பேட்டைக்கும் கடைவீதிக்கும் பொதுவான குழந்தைகள் காப்பகங்கள் அமையட்டும். தந்தைக்கு ஊதியத்துடன் கூடிய, மாற்ற இயலாத விடுப்பு சட்டமாகட்டும்.

இறுதியாக, ஆண் தோழர்களுக்கு ஒரு சொல். தொழிற்சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் காப்பகமும் மகப்பேற்று விடுப்பும் பெண்கள் பிரிவின் கோரிக்கையாகக் கடைசிப் பக்கத்தில் இடம்பெறும் வழக்கம் மாறவேண்டும். தந்தைமை விடுப்பைக் கேட்கவேண்டியவர்கள் தந்தையரே. கூச்சத்தை விட்டு அதனை முதற்பக்கத்தில் எழுதுங்கள்.

1953இல் இந்தக் கரையில் நின்றவர்கள், தங்களுள் ஒருவர் கையில் சாப்பா விழுந்தால் போதும் என்று எண்ணவில்லை. சாப்பா எறியும் கையே இருக்கக்கூடாது என்றனர். பண்டகசாலை முற்றத்தில் முறத்தைக் கீழே வைக்க முடியாமல் பிள்ளை பெற்றவர்களின் பேத்திகள் இன்று வேலைக்கு விண்ணப்பம் எழுதுகின்றனர். குழந்தை எப்போது என்ற கேள்வி அவர்கள் காதில் விழாத நாள்வரை அந்தப் போராட்டம் முடிந்ததாகாது.